மேப்பில் இல்லாத லாட்வியா

கூடைப்பந்து நடுவர் வேலையில் ஜெயித்தவன் உங்களை அன்றைக்கே மறந்துவிடுவான். தோற்றவன் சாகும்வரை ஞாபகம் வைத்திருப்பான். கழுத்தில் விசில் மாட்டி ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வாரத்துக்கு ஆறு நாள் ஸ்டோர்ஸ் கிளார்க்காகவும் ஏழாம் நாள் நடுவராகவும் இருந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கொஞ்சம் சொல்கிறேன்.

சீட்டில் வந்த நாடு

எங்கள் சிமென்ட் கோர்ட்டை ஸ்கூட்டர் ஷெட்டாக்குவதற்கு எஸ்டேட் ஆபீசர் டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். யாருமே பார்க்காத ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு இடம் என்பது அவர் கட்சி. கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினேன். நான் போட்டி நடத்த வேண்டியது, ஃபைனலுக்கு அவரே வருவார். கூட்டம் இருந்தால் கோர்ட் எங்களுக்கு, இல்லாவிட்டால் ஸ்கூட்டருக்கு.

பெயிண்ட் ஷாப், வெல்டிங் ஷாப் என்று போர்டு எழுதி வைத்தால் ஆடுகிறவனின் மனைவிகூட எட்டிப் பார்க்க மாட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது அட்டை கிழிந்த விளையாட்டுப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. ஐரோப்பிய நாடுகள் முதன்முதலாகக் கூடைப்பந்தில் மோதிக்கொண்ட கதை அதில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், ஜெனீவாவில். அந்த நாடுகளின் பெயரையே எங்கள் நான்கு டீமுக்கும் வைத்துவிட்டேன். சீட்டுக் குலுக்கியதில் வெல்டிங்குக்கு ஸ்பெயின், இன்னும் இரண்டு பேருக்கு பிரான்ஸும் இத்தாலியும், பெயிண்ட் ஷாப்புக்கு லாட்வியா. பெயிண்ட் ஷாப் கேப்டன் தாமு, பட்டாபிராமிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவன், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா சார், அவனுங்களுக்கெல்லாம் நாடு குடுத்துட்டு எங்களுக்கு மட்டும் இருமல் மருந்து பேரு குடுத்துக்கீறே?"

எழுத்து மூலம் ஒரு புகார்

மறுநாளே பெயிண்ட் ஷாப் ஆட்கள் குடியிருப்புப் பள்ளிக்கூடத்து உலக மேப்பில் போய்த் தேடியிருக்கிறார்கள். லாட்வியா இல்லை. தொழிற்சாலை முழுக்கச் சிரிப்பு. வெல்டிங் கேப்டன் என்னிடம் ஒரு புகார் மனுவே கொடுத்தார், இல்லாத நாட்டோடு விளையாடுவது தங்கள் டீமுக்கு அவமானமாம். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அந்த முதல் கோப்பையை வாங்கியதே லாட்வியாதான், அதுவும் ஃபைனலில் ஸ்பெயினை இருபத்து நாலுக்குப் பதினெட்டு என்று அடித்து. "இருபத்து நாலா? கேரம் போர்டுல கூட இருபத்தொம்பது எடுக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு மனுவை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தாமுவுக்கு மனசு ஆறவில்லை. ஜெயித்த நாடு எங்கே போனது என்று கேட்டான். சோவியத் யூனியன் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, மேப்பில் அந்தப் பெரிய ரோஸ் கலருக்குள் எங்கேயோ இருக்கும் என்றேன். அதைத் தாமு தன் கணக்கில் போட்டுப் பார்த்தான்.

"அப்போ நடுச்சுவர இடிச்சு, அவன் ஊட்ட தன் ஊட்டோட சேத்துகினான். அதானே சார்?"

பாய் கொடுத்த கலர்

பனியன் தைக்கப் பூந்தமல்லி சலீம் பாயிடம் போனோம். மற்ற மூன்று டீமும் ஆளுக்கொரு கலரைச் சொன்னார்கள். லாட்வியாவின் கொடி எப்படி இருக்குமென்று என் புத்தகத்திலும் இல்லை. பள்ளிச் சீருடை தைத்து மிஞ்சிய அரக்குச் சிவப்புத் துணியை பாய் எடுத்துப் போட்டார். அதுவும் போதாமல் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டுப் போட்டார். நான் தயங்கினேன்.

"இல்லாத ஊருக்கு எந்தக் கலர் போட்டாலும் தப்புன்னு சொல்ல ஆள் வரமாட்டான், வாங்கிட்டுப் போங்க சார்."

மூன்றாவது அடி

பெயிண்ட் ஷாப் எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே ஸ்பெயின். இல்லாத நாடு உதை வாங்குவதைப் பார்க்கவே குடியிருப்பு மொத்தமும் வந்திருந்தது. ஆனால் ஆட்டம் சூடுபிடித்ததும் அந்தக் கூட்டம் அப்படியே லாட்வியா பக்கம் சாய்ந்துவிட்டது.

கடைசி சில விநாடிகள். லாட்வியா ஒரு பாயிண்ட் பின்னால். தாமு பந்தோடு ரிங்கை நோக்கிப் பாய்ந்து போட்டான், பந்து விழுந்தது. ஆனால் பந்தைக் கையில் பிடித்தபிறகு இரண்டு அடிக்குமேல் வைக்கக்கூடாத இடத்தில் அவன் மூன்றாவது அடியும் வைத்ததை நான் பார்த்துத் தொலைத்தேன். அந்த ஜெனீவா கதையில் உள்ளபடியே லாட்வியா ஜெயிக்கட்டும் என்று என் மனசு கெஞ்சியது உண்மை. பாழாய்ப்போன வாய் விசிலை ஊதிவிட்டது. கூடை செல்லாது, ஸ்பெயினுக்குக் கோப்பை.

தாமு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். கூட்டம் என்னை நோக்கி ஓடி வந்தது. நான் எஸ்டேட் ஆபீசரின் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவர் எழுந்து நின்று, கோர்ட்டில் நிரம்பிவிட்ட ஜனங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னை அடிக்கவே இவ்வளவு பேர் வர்றாங்கன்னா, இந்த இடத்தை நான் எப்படிய்யா ஸ்கூட்டருக்குக் கொடுக்கிறது?"

பேசாத வருஷங்கள்

கோர்ட் தப்பியது, ஆனால் தாமு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஸ்டோர்ஸில் பெயிண்ட் டப்பா வாங்க வந்தால் சீட்டை நீட்டுவான், டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவான். ஒருநாள்கூட முகம் பார்த்ததில்லை. எனக்கு அது நிஜமாகவே வலித்தது. சரியாக ஊதிவிட்டு இப்படி வருஷக்கணக்கில் குற்றவாளியாக நிற்பது நம் ஆட்களுக்குத்தான் புரியும்.

சில வருஷம் கழித்து சோவியத் யூனியன் உடைந்தது. அடுத்து வந்த ஒலிம்பிக்கின் தொடக்க அணிவகுப்பை டிவியில் ஒரு காலையில் மறுபடி காட்டினார்கள். அரை மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி. மூச்சிரைக்க தாமு நின்றுகொண்டிருந்தான், கையில் அந்தப் பழைய அரக்குச் சிவப்புப் பனியன்.

"சார், நம்ம பனியன கொடியா தூக்கினு போறானுங்க சார்! அதே வெள்ளப் பட்டை! நாடு கீது சார்... மூணாவது ஸ்டெப்பு நான் வெச்சது நெசந்தான், வுடு!"

ஒரு விசில் சரிதான் என்று ஒருவன் ஒத்துக்கொள்வதற்கு ஐரோப்பாவில் ஒரு நாடே திரும்ப எழுந்து வர வேண்டியிருந்தது என்றால், நம் தொழிலின் லட்சணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.