முப்பத்தோராவது நாள்

மனிதகுலம் அதுவரை கண்டிராத சாதனை அது. பெரிய டாக்டர் கத்தி வைத்த ஒருவர்கூட, வீட்டுக்குப் போன முப்பது நாளுக்குள் திரும்ப வந்து படுக்கையில் சேர்ந்ததில்லை. ரகசியம் சுலபமானது. யார் வந்தாலும் சேர்க்காதே என்று வாசலிலேயே சொல்லி வைத்திருந்தார். முப்பத்தோராவது நாள் வந்தால் கணக்கில் சேராது.

இது கட்டுக்கதை இல்லை. அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினால் நம்பிவிடுவீர்கள். காட்ட மாட்டார்.

அன்று மாலை அந்தச் சாதனைக்கு விருது. மத்தியானம் 2.10. அறையைத் தாழிட்டுக்கொண்டு நன்றியுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால்... நாற்காலியில் கறிக்கடைக்காரர். குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர். தையலில் சீழ், காய்ச்சல் என்று முந்தாநாள் வந்து நின்றவரை, "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோய்யா" என்று அனுப்பியிருந்தார்.

"முப்பது நாள் முடிஞ்சிருச்சுங்கய்யா. இப்ப சேத்துக்குவீங்களா?"

"நர்ஸ் எப்படி உள்ள விட்டாங்க?"

"அவங்க பாக்கல."

டாக்டர் அவர் நெற்றியைத் தொட்டார். பனிக்கட்டி.

"பாத்தியா? காய்ச்சல் சுத்தமா போயிடுச்சு!"

நாடி பிடித்தார். ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பிடித்தார்.

டிக்.

கறிக்கடைக்காரரின் சட்டைக்குள் ஏதோ அறுந்தது.

டிக்... டிக்...

பதினோரு தையல் போட்டிருந்தார். பதினொன்றும் அறுந்தன. வயிறு திறந்தது. ரத்தம் வரவில்லை. மஞ்சளாய், கெட்டியாய்... சொத்தென்று தரையில் விழுந்தது.

ஆடு தூக்கிப் பழகிய கை டாக்டரின் கழுத்தைப் பிடித்தது. மேஜைமேல் குப்புற அறைந்தது. முன்பல் இரண்டு தெறித்தன. புரட்டிப் போட்டது.

"ஐயோ... விடுய்யா..."

"பல்லைக் கடிச்சுக்கங்கய்யா."

கத்தி இறங்கியது.

மணி 2.19.

அலறல் கேட்டு நர்ஸ் கதவை உடைக்கச் சொன்னாள். உள்ளே டாக்டர் மட்டும். வயிறு கிழிந்திருந்தது. கத்தி எங்கும் இல்லை.

"கறிக்கடைக்காரன்..." என்று டாக்டர் முனக, கறிக்கடைக்காரரின் மனைவிக்கு நர்ஸ் போன் செய்தாள். அவர் முந்தின நாளே வீட்டில் இறந்துவிட்டாராம். மத்தியானம் 2.19-க்கு.

டாக்டருக்குத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினொன்று. ஐந்தாம் நாள் சீழ் வைத்து, காய்ச்சலோடு, அழுதுகொண்டே திரும்பி வந்து சேர்ந்தார்.

அந்த மருத்துவமனையில் அப்படித் திரும்பி வந்ததாகப் பதிவானவர் அவர் ஒருவர்தான். காரணம் எழுதும் இடத்தில் அவரே முன்பு அச்சடித்து வைத்திருந்த வரி இருந்தது: 'நோயாளியின் அலட்சியம்.'