சுகிக்கு ஓட்டம் ஒரு பாடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தொலைபேசி தோசை மா மணக்கும். மொன்றியலில் காலைச் சாப்பாட்டு நேரம், ஜெர்மனியில் பின்னேரம். அடுப்பில் கல் காய்ந்துகொண்டிருக்கும்போதே அம்மா றிசீவரை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, ஒரு கையால் மாவை வார்த்தபடி பெரியம்மாவோடு கதைப்பார். கடைசியில் அது என் கைக்கு வரும்போது புளித்த மாவும் நல்லெண்ணெயும் கலந்த வாசத்தோடு, அம்மாவின் காதுச் சூட்டோடு வரும். பெரியம்மா மகள் சுகியின் வெற்றிகள் எல்லாம் அந்த வாசத்தோடுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தன. இன்றைக்கும் தோசை மா கொஞ்சம் கூடுதலாகப் புளித்துவிட்டால் எனக்குப் பசிக்கு முன்னால் பொறாமை வந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட சகோதரிகள் இருவரில் மூத்தவர் ஜெர்மனியில் தங்கிவிட்டார், இளையவரான என் அம்மா மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் குடியேறினார். சுகி எனக்கு ஆறு மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சியும் நான் கூப்பிட்டதில்லை. ஆறு மாதத்துக்கெல்லாம் மரியாதை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று நினைத்திருந்தேன். அவள் ஜெர்மன் மொழியில் படித்தாள், நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், ஆகவே ஒருத்தியோடு ஒருத்தி போட்டி போடுவதற்கு எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே மொழி தமிழ்தான். அதில் அவள் என்னைவிட நன்றாகக் கதைப்பாள். அதுவும் எனக்குப் பிடிக்காது.

நான் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகி தன் நாட்டுச் சோதனை எப்படி நடக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். ஜெர்மனியில் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுமாம். அவர்கள் இருந்த நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியாவில் அப்போது பதின்மூன்று வருடப் படிப்பு. அந்தக் கடைசிச் சோதனைக்குப் பெயர் அபிட்டூர். சுகி அதை “அபி” என்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல. கடைசி இரண்டு வருடத்துக்கும் “ரெண்டு ‘பெரிய பாடம்’ நாங்களே தெரிவு செய்யலாம், மற்றதெல்லாம் ‘சின்னப் பாடம்’” என்றாள். பெரிய பாடத்துக்கு வாரத்தில் கூடுதல் மணித்தியாலம், கூடுதல் மதிப்பு. அந்த இரண்டு வருடத்தில் எடுக்கிற புள்ளிகள் சிறுகச் சிறுகச் சேர்ந்துகொண்டு வரும். முடிவில் நாலே நாலு பாடத்தில் சோதனை, அதிலும் மூன்றுதான் எழுத்து. நாலாவது ஆசிரியர்களுக்கு முன்னால் இருந்து பேசுகிற “வாய்ச் சோதனை”. ஒரு பாடத்துக்குப் பதினைந்துதான் உச்சப் புள்ளி. ஒன்றிரண்டு பாடத்தில் குறைந்தாலும் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்வார்களாம்.

பொறுத்துக்கொள்வார்களாம்! எங்கள் வீட்டில் எந்தப் பாடத்திலும் எதையும் பொறுத்துக்கொள்வதாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. தெரிவு என்ற சொல்லும் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருந்ததில்லை. இங்கே பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டு வருடம் ஸெஜெப் என்ற கல்லூரி, அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம்; நான் ஸெஜெப்பில் விஞ்ஞானம் படிக்கப்போகிறேன் என்பது நான் நடக்கப் பழகுவதற்கு முன்னரே முடிவாகியிருந்தது. போதாக்குறைக்கு அங்கே, உன் புள்ளிக்கு என்ன மதிப்பு என்பதை வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். பொறாமைக்குப் புதிதாகப் பழக்கம் தேவைப்படாத என்னைப் போன்றவளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

அதற்கு அடுத்த மாதம்தான் பெரிய இடி விழுந்தது. சுகி தன் இரண்டு பெரிய பாடங்களையும் தெரிவு செய்துவிட்டாள். ஒன்று உயிரியல். மற்றது விளையாட்டு.

அம்மா முதலில் ஏதோ கெட்ட செய்தி என்றுதான் நினைத்தார். “ஐயோ, ஏன் அக்கா, கணக்கு வரேல்லையோ?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். பெரியம்மா அங்கிருந்து போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. “அது இங்கை ஒரு பாடமடி. ஓடுறதுக்கும் நீந்துறதுக்கும் புள்ளி போடுவினம், எழுத்துச் சோதனையும் இருக்கு. புள்ளி புள்ளிதானே. ஓடி எடுத்தால் என்ன, எழுதி எடுத்தால் என்ன?”

எனக்கு நெஞ்சு எரிந்தது. ஏனென்றால் எங்கள் இரண்டு வீட்டிலும் ஓடக்கூடியவள் நான்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் என் வயதுப் பெண்களில் என்னை முந்துகிறவர்கள் இல்லை. உடற்பயிற்சிப் பாடத்துக்கு வந்த மதாம் என்னைப் பள்ளி அணியில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அணியின் பயிற்சியும் போட்டிகளும் சனிக்கிழமை. சனிக்கிழமை எனக்குக் கணக்கு டியூஷன். ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் எங்கள் பேட்டைப் பிள்ளைகள் எல்லாரையும் வளைத்துப் போட்டிருந்தார்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அப்பா தையல் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்தார், தலைமயிரில் நூல் தும்புகளோடு. மதாமுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு “பொன்ஜூர், மெர்சி” தவிர பிரெஞ்சு தெரியாது, நடுவில் நான். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதை வைச்சு ஸெஜெப்பில எடுப்பினமோ எண்டு கேள்.” கேட்டேன். மதாம் சிரித்தார். அதற்காக இல்லை, ஒருநாள் வந்து இவள் ஓடுவதைப் பாருங்கள், பார்த்தால் உங்களுக்கே விளங்கும் என்றார். ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா மதாமைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “பேந்து பாப்பம்.” பிறகு பார்ப்போம் என்கிறார் என்று மதாமுக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வாதாடினேன். ஜெர்மனியில் சுகிக்கு அது பெரிய பாடம், பெரியப்பாவே ஓடச் சொல்கிறார் என்று அழாக்குறையாகச் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. “அங்கை அது பாடம். இங்கை அது ஓட்டம்” என்றார். அவரைப் பொறுத்தவரை அதோடு வழக்கு முடிந்தது.

ஜெர்மனியிலோ எல்லாம் தலைகீழ். “ஓடாதை, விழுந்து கையைக் காலை முறிக்காதை, போய்ப் படி” என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெரியம்மா, விடியக்காலையில் மகளின் போர்வையை இழுத்து “எழும்பு, இன்னும் ஓடேல்லையோ?” என்று சத்தம் போட்டார். ஊரில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டைக்கோப்பியை, மைதானத்துக்குப் போகிற பிள்ளைக்கு அடித்துக் கொடுத்தார். நூறு மீற்றர் ஓட்டத்துக்குக் கோயிலில் அர்ச்சனை நடந்தது. நீச்சலுக்குத் தனியாக டியூஷன் வைத்தார்கள். நீச்சல் சோதனையன்று பூசிவிட்ட திருநீறு குளத்துத் தண்ணீரில் கரைந்துபோனது சகுனமா என்று அம்மாவும் பெரியம்மாவும் அரை மணித்தியாலம் ஆராய்ந்தார்கள், எங்கள் வீட்டில் தோசை கருகியது. பெரியப்பா ஒரு ஸ்டொப்வொட்ச் வாங்கி, வேலை முடிந்த கையோடு மைதானத்து மூலையில் மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். “நண்பியின்ரை பேர்த்டேக்கும் விடமாட்டினம், ஓட இருக்குதாம்” என்று சுகி என்னிடம் முறையிட்டாள். நான் “ம்” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசியிருந்தால் அது தமிழில் அச்சிடக்கூடிய சொல்லாக இருந்திருக்காது.

நானும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் டியூஷனுக்கென்று நேரத்தோடு வெளிக்கிட்டு, நேரே போகாமல் அகாடி பெருந்தெருவுக்குப் போய்விடுவேன். எங்கள் பேட்டைக்கும் தெருவுக்கு அப்பாலுள்ள பணக்கார ஊருக்கும் நடுவே நீளமாக ஒரு கம்பி வேலி இருக்கிறது. இந்தப் பக்கம் எங்கள் மாடி வீடுகள், அந்தப் பக்கம் புல்வெளியும் மரங்களும். புத்தகப் பையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வேலியை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடுவேன். பனிக்காலத்துப் பூட்ஸோடும் ஓடியிருக்கிறேன். கோடு இல்லை, விசில் இல்லை, நேரம் பார்க்க ஒருத்தர் இல்லை. எனக்கு முன்னால் ஓடியது சுகிதான், அவளைத்தான் ஒவ்வொரு கிழமையும் துரத்தினேன், மனத்துக்குள் முந்தினேன். நான் நிலவறைக்குள் நுழையும்போது மாஸ்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, “இந்தப் பிள்ளை கணக்குச் செய்ய முதலே வேர்க்குது” என்பார்.

சுகியின் அபி முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அடுப்பையே அணைத்துவிட்டார். விளையாட்டில் பதின்மூன்று புள்ளி. மொத்தத்தில் ஒன்று தசம் எட்டு என்று பெரியம்மா சொன்னதும் அம்மாவின் முகம் ஒரு கணம் வாடியது. அங்கே மொத்தக் கணக்கில் எண் குறையக் குறையத்தான் மதிப்பு என்று பெரியம்மா விளக்கிய பிறகுதான் அப்பா மூச்சு விட்டார். அந்த ஒரு கணத்தில் நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு படம் வந்தது. வெள்ளைச் சட்டையில் சுகி, பக்கத்தில் கழுத்துப்பட்டியோடு பெரியப்பா. அம்மா அதை எங்கள் தொலைக்காட்சிக்கு மேலே வைத்தார். நான் ஸெஜெப் முடித்து, பல்கலைக்கழகம் முடித்து, ஆய்வுகூடத்தில் வேலைக்குப் போன பிறகும் அது அங்கேயேதான் இருந்தது, நான் எந்தச் செய்தியைப் பார்த்தாலும் சுகியையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருந்தது.

போன கோடையில் சுகி ஒரு கல்யாணத்துக்காக மொன்றியலுக்கு வந்தாள். நகரின் மேற்கு ஓரம், பியர்பொன்ட்ஸில் உள்ள என் வீட்டில்தான் தங்கினாள். நான் ஒவ்வொரு காலையும் ஓடுகிறவள். முதல் நாள் காலை நான் வாசலில் இருந்து சப்பாத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீயும் வா, உன் அளவில் இன்னொரு சோடி இருக்கிறது என்றேன். இத்தனை வருடம் கழித்து அவளை நேரில் முந்தப்போகிறேன் என்று கால்கள் துடித்தன.

“நான் அபிக்குப் பிறகு ஓடினதே இல்லை” என்றாள் சுகி.

“ஏன்?”

“எந்த ரோட்டில ஓடினாலும் மூலையில அப்பா மணிக்கூட்டோட நிக்கிற மாதிரியே இருக்கும். அபிக்கு முதல் எனக்கு ஓட எவ்வளவு விருப்பம் தெரியுமே.” பிறகு என்னைக் கேட்டாள்: “உனக்கு ஆர் நேரம் பாக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப சும்மாதான் ஓடுறியோ? குடுத்து வைச்சனி” என்றாள். அவள் குரலில் இருந்ததை எனக்கு அடையாளம் காட்ட வேறு ஆள் தேவையில்லை. அது பொறாமை, பழுதில்லாத சுத்தமான பொறாமை. அதற்காகத்தான் நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன். ஆனால் அது கையில் கிடைத்தபோது என் வாயில் வந்தது வேறு.

“நீதான் குடுத்து வைச்சனி. உனக்கு மழைக்குள்ள நிக்க ஒரு ஆள் இருந்தது. என்ரை அப்பா நான் ஓடி ஒருநாளும் பாக்கேல்லை.”

அப்பா போய்ச் சில வருடமாகிறது. கடைசிக் காலத்தில் தொழிற்சாலை வேலையும் இல்லாமல், நாள் முழுக்க ஜன்னலோரம் இருந்தார். அப்போதும் நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். வந்து பாருங்கோ என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மதாமுக்கு முன்னால் அவர் சொன்ன “பேந்து” அங்கேயே நின்றுவிட்டது.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மாவிடம் போனோம். அம்மா இன்னும் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார். போகிற வழியில் நான் சனிக்கிழமை ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல, சுகி அந்த வேலியைக் காட்டு என்றாள். வேலி அப்படியே இருக்கிறது. மாஸ்டரின் நிலவறை இப்போது ஒரு கார்டெறி, அதாவது சின்னப் பிள்ளைகள் காப்பகம், பிள்ளைகள் நாள் முழுக்க அதற்குள் ஓடித் திரிகிறார்கள். சுகி காரிலிருந்து இறங்கி, ஒன்றும் சொல்லாமல் வேலியின் மறு முனைக்கு நடந்துபோனாள். அங்கே திரும்பி நின்று, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: “ஓடு! நான் நேரம் பாக்கிறன்!”

சாலையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியோடு இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓடினேன். முன்னால் துரத்துவதற்கு அவள் இல்லை. அவள்தான் முடிவில் நின்றாள், பெரியப்பாவைப் போலத் தலையைச் சற்றே சரித்துக்கொண்டு. கம்பிகள் பக்கத்தில் விரைந்தன. பதினேழு வயதில்கூட நான் அப்படி ஓடியிருக்கமாட்டேன்.

அவளிடம் போய் நின்று, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, “எவ்வளவு?” என்றேன்.

சுகி கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். “ஐயோ, அமத்த மறந்துபோனன்” என்றாள். “உன்னைப் பாத்துக்கொண்டே நிண்டிட்டன்.”

மேலே அம்மா தோசை சுட்டு வைத்திருந்தார். சுவரில் தொலைபேசி இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆணித் துளைகள் மட்டும். பெரியம்மா அம்மாவின் மடியிலிருந்த டாப்லெட்டின் கண்ணாடித் திரைக்குள் இருந்துகொண்டு எல்லாரையும் சாப்பிடச் சொன்னார். தொலைக்காட்சிக்கு மேல் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. சுகிக்குப் பதின்மூன்று புள்ளி. எனக்கு எவ்வளவு என்று இன்னும் தெரியாது.