புளிப்புச் சேராத சிவப்பு

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில், வெள்ளிக்கிழமையில் பிறந்தநாள் வந்துவிட்டால் சைவக்காரர் கேக்குக்காகத் தேடிப்போவது பைறோஸாவின் கதவைத்தான். வெள்ளியில் முட்டையும் மச்சம், அசைவக் கணக்கு; ஆகாது. தன் வீட்டு விரதமா என்ன, அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவளோ முட்டை இல்லாமல் கேக்கை எழுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முதலில் வந்ததெல்லாம் செருப்புத் தோல். அப்பச்சோடாவும் புளிப்பு வினாகிரியும் சேரும்போது பொங்கும் நுரைதான் முட்டையின் வேலையைச் செய்யும், அந்த நுரைக்கோ ஆயுள் குறைவு என்பதைக் கெட்டுக் கெட்டுத்தான் கண்டுபிடித்தாள். அதனால் சோடாவை முதலிலேயே கலந்துவிடுவாள்; கேக் வேகும் அவண் சூடேறும் வரை வினாகிரிப் போத்தலைத் தொடமாட்டாள். யார் அவசரப்படுத்தினாலும் அசையாத பெண்.

மேல்மாடிப் பத்மாவதி வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, கணவர் சண்முகலிங்கத்தின் மணிவிழா. போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்த மனிதர். அறுபதைக் காண்பாரா என்று அவள் அழாத நாளில்லை. கேக்குக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பைறோஸாவின் குசினியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

பைறோஸா பிற்பகல் அஸர் தொழுகைக்கு உள்ளே போனாள். சட்டியில் சோடா சேர்த்த கேக் கலவை வெளிறிக் கிடந்தது. மங்கல நாளில் இதென்ன நிறம் என்று, பத்மாவதி மஞ்சள்தூளில் அரைக் கரண்டி அள்ளிப் போட்டுக் கிளறினாள். கலவை செங்கல் நிறமாயிற்று. கிளறக் கிளற இன்னும் சிவந்தது.

பைறோஸா திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "மஞ்சள்தான் போட்டனான் பைறோஸா. ரத்தம் மாதிரிக் கிடக்கு. அவருக்கு ஏதும் நடக்கப்போகுதோ?"

ஏசுவாள் என்றுதான் பத்மாவதி நினைத்தாள். பைறோஸா கலவையை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"அழாதீங்கக்கா. ஆரத்திக்கு மஞ்சள்ல என்னத்தப் போட்டுச் சிவப்பாக்குறீங்க?"

"சுண்ணாம்பு."

"இங்க அந்த வேலைய அப்பச்சோடா செஞ்சீக்கி. இது சகுனமில்ல. புளிப்பு இன்னும் சேரல்ல, அவ்வளவுதான்."

அவண் சூடாகிவிட்டதா என்று பார்த்தாள். மஞ்சள் வாசம் அடங்க ஏலக்காய்த்தூள் தூவினாள். பிறகு வினாகிரியை ஊற்றி வேகமாய்ச் சுழற்றினாள். பொங்கிய நுரையோடு சிவப்பு கலைந்து, பளிச்சென்ற மஞ்சள் மேலே வந்தது. பத்மாவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படியும் ஒரு கைகாரியா என்று வாயைப் பிளந்தாள்.

மாலையில் தம்பதியைச் சோடியாக இருத்தி ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. பத்மாவதி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கேக்கோடு வந்து நின்ற பைறோஸாவைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"பைறோஸா, நீர் கொஞ்சம் தள்ளி நில்லும். இதையும் மஞ்சளாக்கிப் போடாதையும்!"

சனம் விளங்காமல் விழித்தது. பைறோஸா மட்டும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.