வலை நூலில் தைத்த நீலச் சட்டை

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் என் வீட்டில், மகளின் துப்பட்டாவை இஸ்திரி போடும்போது ஓரத்து லேஸ் கருகிவிட்டது. கருகிய நைலானுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு, "இன்னும் உனக்குச் சூடு பாத்து பெட்டி வெக்கத் தெரியலியாம்மா?" என்றாள். அதற்குள் மூக்கு என்னைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குக் கொண்டுபோயிருந்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தையல் டிப்ளமோ முடித்திருந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஏரியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் போய், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களிடம் ஃபேஷன் டிசைனிங் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் படித்தால் வேலை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுவரை நான் ஒரு ஃபேஷன் டிசைனரைக்கூட நேரில் பார்த்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன், அவர்களிடம் சொல்லவில்லை. திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் சார்ட் பேப்பர் சுருளும் கைப்பையில் அளவு நாடாவும் ஒரு டப்பியில் நாற்பது குண்டூசியும் இருக்கும். இறங்குவதற்குமுன் குண்டூசிகளை எண்ணிப் பார்த்துவிடுவேன். பக்கத்து சீட்டில் நண்டுக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னைச் சற்றுக் கவலையோடு பார்ப்பார்கள்.

முதல் வகுப்பிலேயே கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது.

"ஃபேஷன் டிசைனிங்னா இன்னா மிஸ், டைலரா?"

"டைலரும்தான். அதுக்கு மேலயும்."

"டைலருக்கு மேல இன்னா கீது?"

வகுப்பு சிரித்தது. "யாருக்கு, எதுக்கு, எப்படின்னு யோசிச்சு, அதுக்கப்புறம் துணிய வெட்டறது" என்றேன். கல்லூரியின் கையேட்டில் படித்து மனப்பாடம் செய்த வாக்கியம் அது. கேட்டவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பெயர் அமுலு.

அமுலுவின் அப்பா, படகுக்காரர்களுக்குக் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுப்பவர். அம்மா மங்கம்மா, ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அந்தப் பெண்கள் தண்ணீரில் இறங்குவார்கள். புடவைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. அது தண்ணீரில் பலூன்போல உப்பி மேலே வரும். சிப்பி கிழித்து முழங்கையில் எப்போதும் புண் இருக்கும்.

ஆர்வம் காட்டிய ஏழு பிள்ளைகளை ஓர் உடை வரையச் சொன்னேன். ஆறு பேர் சினிமாக் கல்யாணப் பெண்ணின் பாவாடையை வரைந்தார்கள். ஆறும் ஒரே பாவாடை. அமுலு ஒரு சட்டையை வரைந்திருந்தாள். பக்கவாட்டில் தண்ணீர் வடிய வெட்டு, பித்தானுக்குப் பதில் நாடா, முழங்கையில் இரட்டைத் துணி, பிடரிக்குக் கீழே ஒரு வளையம்.

"இது என்னம்மா, ரெயின்கோட்டா?"

"எங்கம்மா ஏரிக்குப் போட்டுகினு போறதுக்கு மிஸ். பறிக் கயித்த வளையத்துல மாட்டி தோள்மேலருந்து வுட்டுட்டா வாய்ல கவ்வ வேணாம்."

இது ஃபேஷன் ஆகாதே என்று எனக்குள் ஓடியது. கழுத்தில் கொஞ்சம் லேஸ் வைக்கலாமே என்றேன். "லேஸு சேத்துல மாட்டும் மிஸ்" என்றாள், எனக்காகப் பரிதாபப்படுகிற குரலில்.

சென்னைக் கல்லூரி ஒன்று எங்கள் பகுதிக்குக் கட்டணமில்லாத ஓர் இடம் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடம். அங்கிருந்து ஒரு பேராசிரியை வருவார். அவரவர் கையால் தைத்த ஓர் உடையைக் காட்ட வேண்டும். அமுலுவின் அப்பா வீட்டில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "சீட்டு கெடச்சா போவட்டும். இல்லாங்காட்டி ஆரம்பாக்கத்துல எங்க அக்கா புள்ள கீறான், ஆவணில கண்ணாலம்." படிப்புக்கு அவர் முழு எதிரி என்று சொல்ல முடியாது. "சினிமாவுல வுட்டுட மாட்டியே டீச்சர்?" என்பது மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டது. மூன்று முறை கேட்டார்.

பேராசிரியை பதினொரு மணிக்கு வருவதாக இருந்த நாளில், ஏழு உடைகளையும் எட்டு மணிக்கே வாங்கிக்கொண்டேன். கசங்கிய துணியை யாரிடமும் காட்டக் கூடாது என்பது என் கொள்கை. இஸ்திரிக்காரர்மேலும் நம்பிக்கை இல்லை. பஸ் நிற்கும் இடத்து வண்டியில் கரிப்பெட்டியை வாங்கி நானே தேய்த்தேன். ஆறு பாவாடைகளும் அழகாக மடிந்தன. ஏழாவதாக அமுலுவின் சட்டை. தன் பழைய பள்ளிச் சீருடையை வெட்டித் தைத்த நீலச் சட்டை. பெட்டியை அதன் தோள்பட்டைத் தையலில் வைத்து இழுத்தேன். சுர்ரென்று ஒரு சத்தம், அந்த நாற்றம், பிறகு என் கையில் ஒரு சட்டைக்கை தனியாக.

இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். "வல நூலுல தச்சிகீது மேடம். நைலானு. பெட்டிய வெச்சா உருகாதா?"

பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று அவள் யோசித்திருக்கிறாள். நான் யோசிக்கவில்லை. பெட்டி பட்ட தையலெல்லாம் கருப்பாகக் கடுகுபோல உருண்டு நின்றது.

அமுலு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அவள் அப்பா கால் கட்டைவிரலில் வலையை மாட்டிப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நைனா, பதினோரு மணிக்கு வராங்க. நா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீதியிருந்த தையலை நகத்தால் நெம்பினார். "இத்த யார்றி முடிச்சி போட்டது? இப்டிப் போட்டா திமிங்கலமே பூடும்."

"நான்தான் நைனா."

"தெரியுது, தெரியுது. குந்து."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மறைவாகத் தைக்க நேரமில்லை. நீலத்தின்மேல் வெள்ளை நூல் வலை முடிச்சுகளாக வெளியே தெரிந்தது. ஆவணிக் கல்யாணத்தைத் தீர்ப்பாகச் சொன்ன மனிதர், குனிந்த தலை நிமிராமல் மகளின் சட்டைக்கையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கு வந்த பேராசிரியை பாவாடைகளைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். நீலச் சட்டையின் தையலை விரலால் வருடி, "இது உன் கையால் தைத்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடு என நான் மனத்துக்குள் வேண்டினேன்.

"பாதி எங்க நைனா மேடம். நா முழுசா தச்சிட்டு இருந்தேன். மிஸ்ஸு தேச்சி உருக்கிட்டாங்க."

என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. ஒரு பக்கத் தையலைக் கத்தரித்துவிட்டு, "என் முன்னால் தையல் போடு" என்றார். அமுலு போட்டாள். ஜன்னலுக்கு வெளியிலிருந்து "இழுத்துப் புடி" என்று ஒரு குரல் வந்து, உடனே அடங்கியது. பிறகு, மகளோடு வந்திருந்த மங்கம்மா சட்டையைப் போட்டு, பறியை வளையத்தில் மாட்டிக் காட்டினார். கூட வந்திருந்த ஒரு பெண் வாய்விட்டே சொன்னாள்: "ஐயய்ய, இவ வாய மூடிகினு இருக்கறதே ஏரில எறங்கசொல்லதான். அதுக்கும் வேட்டு வெச்சிட்டியேடி!"

இடம் அமுலுவுக்குக் கிடைத்தது.

இப்போது அவள் பெங்களூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் குழந்தைகள் உடைக்குத் தலைமை வடிவமைப்பாளர். காட்டூர் மாதிரி ஊர்ப் பள்ளிகளில் என்னைப் பேச அழைத்தால் அவளைத்தான் உதாரணம் சொல்கிறேன். ஃபேஷன் டிசைனிங் என்றால் என்ன என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எந்தக் கல்லூரி என்றுதான் கேட்கிறார்கள்.

துப்பட்டா கருகிய மறுநாள் மங்கம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அமுலு தடுத்துவிட்டதால் அவர் ஏரியில் இறங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தச் சட்டையைக் கேட்டேன். "அது கிழியறமட்டும் போட்டேன் டீச்சர். அப்பறம் அவ நைனா படகு தொடைக்க எடுத்துகினாரு." வரும் வழியில் தண்ணீரில் ஏழெட்டுப் பெண்கள் புருஷன் சட்டையோடு தவழ்ந்துகொண்டிருந்தார்கள். கரையேறிய ஒருத்தியிடம், அமுலு தைத்த மாதிரி ஒன்று நீங்களும் தைத்துக்கொள்ளக் கூடாதா என்றேன். "கேட்டோம் மேடம். தோ தச்சித் தரேன்னு சொல்லிகினே பட்ணம் பூட்டா."

அன்று இரவே அந்தச் சட்டையின் அளவுகளை அமுலுவிடம் போனில் கேட்டேன். பேட்டர்ன் எதுவும் இல்லையாம். அம்மாவைத் தரையில் தவழவைத்து, துணியை முதுகில் போட்டு, கரியால் கோடு போட்டு வெட்டினாளாம். "நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெப்பீங்களே மிஸ். உங்க டயரில இருக்கும், பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பஸ் வந்த நேரம், பேராசிரியை குடித்த காபி, ஆறு பாவாடைகளின் இடுப்பளவும் உயரமும், எல்லாம் இருக்கின்றன. கடைசி வரி: "நீலச் சட்டை, ஒன்று."