மூன்றரை மணி ராத்திரி

சந்திரப்பிரபு எங்கே இருந்தாலும் சாயங்காலத்தில் ஒரு தடவை மேற்கே திரும்புவார். வலது கையை முழுசாக நீட்டி, நான்கு விரல்களையும் படுக்கை வாட்டில் அடுக்கி, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சூரியனுக்கும் மலை முகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். கல்யாண மண்டப வாசலில், பஸ் ஸ்டாண்டில், ஒரு முறை குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு ஆஸ்பத்திரி ஜன்னலில். அவர் மகள் தீக்ஷா சின்ன வயதில், அப்பா சூரியனுக்கு டாட்டா காட்டுகிறார் என்றே நினைத்திருந்தாள்.

எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான். ஜைனக் குடும்பம். பொழுதோடு சாப்பிட்டுவிட வேண்டும். பொழுது போய்விட்டால் அடுத்த வாய் மறுநாள் காலையில். இது எல்லாருக்கும் உள்ள பழக்கம். சந்திரப்பிரபு அதற்கு மேல் சொந்தமாக ஒரு மாடி கட்டியிருந்தார். திருவண்ணாமலையில் அவருடைய வீடும் ஜெராக்ஸ் கடையும் மலைக்குக் கிழக்கே இருந்தன. அங்கே சூரியன் அரை மணி முன்னாலேயே மலைக்குப் பின்னால் போய்விடும். "கண்ணுக்கு மறைஞ்சா மறைஞ்சதுதான்" என்பது அவர் சட்டம். கீழ்பென்னாத்தூரில் கடலைப் பயிர் வைத்திருக்கும் தம்பி தரணேந்திரனுக்கு மலையும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை. நிதானமாக அரை மணி கழித்துச் சாப்பிடுவார்.

"உனக்கு நாக்கு நீளம்டா" என்று அண்ணன் இருபது வருஷமாகச் சொல்லிக் காட்டினார். தம்பி பதில் பேசியதே இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஜவ்வாது மலையில் ஒரு அருவிக்குப் போனார்கள். அண்ணன், தம்பி, தீக்ஷா, அவள் அம்மா குசுமாவதி. வேன் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் இறங்கி நடக்க வேண்டும். அருவி விழும் இடம் ஒரு பெரிய கிணறு மாதிரி இருந்தது. நாலு பக்கமும் செங்குத்தாக மலை.

போனதும் சாப்பிட்டிருக்கலாம். சந்திரப்பிரபு முதலில் குடிதண்ணீர் பிடிக்க வேண்டும் என்றார். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள்.

"அருவித் தண்ணி சுத்தம்தாண்ணா" என்றார் தம்பி.

"சுத்தம்னு அருவி உங்கிட்ட சொல்லுச்சா?"

நாலாக மடித்த துணியைக் கேன் வாயில் கட்டி அருவிக்கு நேராக நீட்டினார். அருவி துணியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் துணிக்குப் பின்னால் போனார். அதைப் பிடித்து வந்து, மறுபடி கட்டி, மறுபடி பறிகொடுத்து, கடைசியில் வேட்டி நுனியில் வடிகட்டி முடித்தார். அப்புறம் குளியல். "குளிச்சிட்டுத்தான் சோறு." ஆக, புளிச்சோற்று டப்பாவைத் திறக்கும்போது மணி மூன்றரை.

திறந்த டப்பாவின் மேல் நிழல் விழுந்தது. சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

இருபது வருஷம் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாத தம்பி இப்போது சொன்னார். "அண்ணா, கண்ணுக்கு மறைஞ்சிடுச்சே."

சந்திரப்பிரபுவின் கை டப்பாவிலேயே நின்றது.

"ஏங்க, மணி மூணரைதான் ஆவுது. சும்மா சாப்பிடுங்க" என்றாள் குசுமாவதி.

"நான் சாப்பிடறேன் அண்ணி. எனக்குக் கீழ்பென்னாத்தூர் சூரியன்" என்று தரணேந்திரன் ஒரு வாழைக்காய் வறுவலை எடுத்து மொறுமொறுவெனக் கடித்தார். சத்தம் அருவியைத் தாண்டிக் கேட்டது.

சந்திரப்பிரபு மகளைப் பார்த்தார். "நீ பிசிக்ஸ் படிச்சவ. சொல்லு. பொழுது போயிடுச்சா, இல்லியா?"

அந்த வீட்டின் முதல் பட்டதாரி தீக்ஷா. பட்டம் வாங்கி ஒரு வருஷமாகக் கடையில் அடுத்தவர்களின் வேலை விண்ணப்பங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். படித்த படிப்பை வீட்டில் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு அதிகமாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னும் போகலப்பா. ஆனா பாத்தீங்கன்னா, சமவெளியில நமக்கு சூரியன் கடைசியா தெரியறப்பவே அது நிஜத்துல கீழ இறங்கியிருக்கும். வெளிச்சம் வளைஞ்சு வர்றதால..."

"அப்ப நீயும் லேட்டுடா" என்றார் சந்திரப்பிரபு தம்பியிடம். ஆனால் டப்பாவையும் மூடிவிட்டார். ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியாத படிப்பு என்ன படிப்பு என்று தீக்ஷாவுக்குத் தோன்றியது.

எதிர்ச் சரிவில் பாதிக்கு மேல் இன்னும் வெயில் அடித்தது. சந்திரப்பிரபு அதைப் பார்த்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென ஏற ஆரம்பித்தார். தீக்ஷா தண்ணீர்க் கேனோடு பின்னால் ஓடினாள்.

வெயிலைப் பிடித்து ஒரு பாறையில் உட்கார்ந்தார். டப்பா மூடியின் கிளிப்பைக் கழற்றினார். நிழல் காலுக்கு வந்துவிட்டது. எழுந்து ஏறினார். இன்னொரு பாறை. இந்தத் தடவை நிழல் முழங்காலில்.

"முழங்கால் வரைக்கும்தானே ராத்திரி? வாய்க்கு இன்னும் பகல்தாம்பா. நின்னுக்கிட்டே சாப்பிடுங்க!"

அவர் அவசரமாக எழுந்து நின்றார். கால் வழுக்கியது. அவர் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டார். டப்பாவைப் பிடிக்க ஆளில்லை. அது ணங்கு ணங்கென்று வந்த வழியே இறங்கிப் போனது.

மேலே உச்சியில் பளீரென்று வெயில். ஒரு பெண் பாறையில் சாமை காயப்போட்டிருந்தாள். பெயர் பாஞ்சாலை. மூச்சு வாங்க வந்து நின்ற இருவரிடமும் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சாமைச் சோறும் மோரும் கொண்டுவந்தாள்.

"இதுல வெங்காயம், பூண்டு..." என்று இழுத்தார் சந்திரப்பிரபு.

"உப்பே இன்னும் போடல. நீ வேற."

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கிழக்கே பார்த்தார். தூரத்தில் சமவெளி முழுக்க வெயில். அதன் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்கு, அவர் வீட்டு மலை.

"அந்தச் சின்ன மலைய வச்சா இத்தன வருஷம் அவனத் திட்டினேன்?" என்றார் பாஞ்சாலையிடம். "எந்தம்பி செய்யறதுதாம்மா சரி."

சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்தார். பாஞ்சாலை கையைத் தள்ளிவிட்டாள்.

"சோத்துக்குக் காசா? இப்ப எங்கிட்ட சொன்னியே, அத உன் தம்பிகிட்ட சொல்லு. அதான் நீ எனக்குத் தர வேண்டியது."

"கீழ போனதும் சொல்லிடறேம்மா."

கீழே தரணேந்திரன் கழுவிய டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணா, டப்பா முன்னாடியே வந்துடுச்சு. பாதி சோறு வழியில கொட்டிடுச்சு. மீதி பிரமாதம்."

சந்திரப்பிரபு வாயைத் திறந்தார். தீக்ஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என் செருப்ப எங்கடா வச்ச?" என்றார்.

எட்டு மாதம் ஆகிறது. தம்பி பலமுறை வீட்டுக்கு வந்து போய்விட்டார். போன வாரம் சந்திரப்பிரபு இஸ்திரி போட்ட சட்டையோடு, இதற்கென்றே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினார். "இன்னிக்குச் சொல்லிடறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். தோளில் ஒரு மூட்டையோடு திரும்பி வந்தார்.

"சொன்னீங்களாப்பா?"

"பத்து கிலோ குடுத்தான். நல்ல கடலை" என்றார்.

"அப்ப பாஞ்சாலைக்குத் தர வேண்டியது?"

"அதுக்குத்தான் மறுபடியும் ஒருவாட்டி கீழ்பென்னாத்தூர் போவணும்" என்று சொல்லி, மூட்டையை அவிழ்த்து முறத்தில் கொட்டினார்.