பல்புக்குள் இறங்கும் முனாப்

முனாப் முதலில் சட்டைப் பையைக் காலி செய்கிறார். போன், சாவி, சீப்பு எல்லாம் மேசைக்கு வந்துவிடுகின்றன. பிறகு இரும்பு மூடியைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஏணியில் கால் வைக்கிறார். "மூச்ச விட்டாத்தான் உள்ள போகலாம். இழுத்தா மாட்டுப்பட்டிருவன்" என்பார்.

அவர் இறங்குவது ஒரு பெரிய இரும்புக் குமிழுக்குள். குளக்கட்டின் அடியில், தண்ணீர் போகும் பாதையின் நடுவிலேயே அதைப் பதித்திருக்கிறார்கள். மின்பிறப்பாக்கி குமிழுக்குள் இருக்கிறது. அதைச் சுழற்றும் தகடுகள் குமிழின் வாலில், தண்ணீருக்குள். மலையிலிருந்து அருவி கொட்ட வேண்டியதில்லை. தண்ணீர் இரண்டு ஆள் உயரம் இறங்கினால் போதும், ஆனால் நிறைய வேண்டும். மின்சாரம் கொடுத்த தண்ணீர் அப்படியே வாய்க்காலால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போய் நெல்லுக்குப் பாயும். இன்ஜினியர்கள் பல்ப் யூனிட் என்கிறார்கள். முனாப்புக்கு அது வெறும் பல்ப்.

ஆள் ஏறாவூர். இளமையை முழுக்கக் கட்டாரின் பம்பு அறைகளில் விட்டுவிட்டு வந்தவர். மகள் ஷஸ்னா பேசப் பழகியதைக்கூடப் போனில்தான் கேட்டார். இப்போது வேலை முடிந்ததும் பதுளை வீதியால் வந்து, செங்கலடிச் சந்தி தாண்டி, பொழுது படுமுன் வீட்டில் நிற்கிறார். இதைவிடப் பெரிய சம்பளம் எதுவும் அவருக்கு வேண்டாம்.

தொல்லை, பருத்துக்கொண்டே போகும் இடுப்பில்தான். ஊர்க் கலியாணங்களில் ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டை, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து உண்பார்கள். ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். "நான் கைய எடுத்தா மத்தாக்கள்ட பசிக்கி ஆரு பொறுப்பு?" என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட பொறுப்பான மனிதர்.

பல்புக்குள் இறங்க முடியாதவர்களை மலைநாட்டு நிலையங்களுக்கு மாற்றப்போவதாகக் கம்பனி சொல்லியிருக்கிறது. அங்கே எந்திரம் அறைக்குள் இருக்கும், எவ்வளவு பருத்தவரும் சுற்றி வரலாம். மனைவி ஷாகிராவிடம் முனாப் இதைச் சொல்லவேயில்லை. அவ்வளவு தூரம் போய் மறுபடியும் போனுக்குள் இருக்கும் வாப்பாவாகிவிடுவோமோ என்ற பயம், வாய்விட்டுச் சொல்ல முடியாத பயம்.

போன கிழமை எந்திரம் தானாக நின்றுவிட்டது. குமிழுக்குள் கசியும் தண்ணீரை இறைக்கும் சின்னப் பம்பு அடைபட்டிருந்தது. எந்திரம் நின்றால் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதற்கென்று இருக்கும் பக்கத்து மதகும் பழுது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை கனகசிங்கம் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"வயலெல்லாம் குடலை, தம்பி, கதிர் தள்ளப்போற நேரம். இப்ப காயவிட்டா பதர்தான் மிஞ்சும்."

"இந்தா இறங்கிறன், விதானையார்."

இறங்கினார். இடுப்போடு நின்றுவிட்டார். எவ்வளவு மூச்சை விட்டும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. முந்தின நாள்தான் ஒரு கலியாணம். கனகசிங்கம் சிரிக்கவில்லை. மூலையில் கிடந்த கிறீஸ் டப்பாவை எடுத்து முனாப்பின் இடுப்பைச் சுற்றி அப்பினார். இரண்டு தோளிலும் கைவைத்து அமுக்கினார்.

"திண்டது நீ, பட்டினி கிடக்கிறது வட்டையா? போ உள்ளுக்கு!"

முனாப் வழுக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பம்பு இறைத்தது, தகடுகள் சுற்றின, வாய்க்காலில் தண்ணீர் நுரைத்தது. ஏறி வருவதற்கு இன்னொரு கை கிறீஸ் தேவைப்பட்டது.

"கம்பனியில ஆருக்கும் சொல்லிராதீங்க."

"எதச் சொல்ல?" என்று கேட்டுவிட்டுக் கனகசிங்கம் கை கழுவப் போனார்.

ஷாகிராவிடம் அப்படி மறைக்க முடியவில்லை. ஊறப்போட எடுத்த சட்டையை விரித்துப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டி.

"இது என்ன, இடுப்பச் சுத்தி?"

முனாப் எல்லாவற்றையும் சொன்னார். மலைநாட்டையும் சேர்த்து.

"இத ஏன் முந்திச் சொல்லல்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவர் தட்டில் வழக்கம்போல் குவித்து வைத்திருந்த சோற்றில் ஒரு அகப்பையை அள்ளித் திரும்பப் பானைக்குள் போட்டாள். அடுத்த அறையில் ஷஸ்னா சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். முனாப் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தட்டை இரண்டு கைகளாலும் தூக்கி, இன்னொரு அகப்பையும் குறைக்கும்படி அவளிடம் நீட்டினார்.