ஏலாது என்று சொல்லப் பழக்கிய தம்பி

சிசிலியில், எங்கள் ஒரேத்தோ வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு சீனிப் பைக்கற்றை வைத்துவிட்டு, மன்னார்த் தம்பி என் கணவரைப் பார்த்து, "அண்ணை, இதை உங்கட அலுமாரிக்குள்ளை நாளைவரைக்கும் வைச்சிருங்கோ," என்றார். இவர் உடனே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். "முடிஞ்சுது. இனி இன்னும் மூண்டு வருசம் உள்ளுக்கைதான்," என்றார் தம்பி. அடுப்படியில் நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவருக்கு ஒரு வருடச் சிறை உறுதியாகி, கூட்டிப்போக வருவார்கள் என்று காத்திருந்த மாதம். எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஊரவர் ஒருவர் கேட்டாரென்று அவருடைய பையை இவர் வீட்டில் வைத்திருந்ததுதான் குற்றம். உள்ளே கள்ளப் பாஸ்போர்ட்டுகள். திறந்துகூடப் பார்க்கவில்லை, இந்த மனுசன். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பிறவி. வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சிஞ்ஞோரா, லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் "சி, சிஞ்ஞோரா" என்று ஓடுவார்.

இப்படிச் சிறைக்குப் போகவிருக்கும் எங்கள் ஆட்களைத் தயார்ப்படுத்த ஒருவர் இருந்தார் என்றால் இன்று நம்பமாட்டார்கள். அவர்தான் இந்தத் தம்பி. தானும் உள்ளே இருந்து வந்தவர். பிரான்காச்சோவில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. பின்னேரங்களில் கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் வருவார். எந்த உடுப்பை உள்ளே விடுவார்கள், என்ன குற்றமென்று மற்றவர்கள் கேட்டால் எவ்வளவு சொல்லலாம் என்றெல்லாம் பழக்கினார். ஆனால் அவர் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் ஒன்றுதான். நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால், மரியாதைக்கு முதலில் கோப்பி வேண்டாம் என்போம். பெரிய உதவி கேட்டாலோ மறுக்க வாய் வராது.

"அங்கை இது தலைகீழ், அண்ணை," என்பார். "புதுசா வாற ஆளுக்குக் கோப்பி போட்டுத் தருவாங்கள். வேண்டாமெண்டால் கோவிப்பாங்கள். குடியுங்கோ. ஆனா ஆரின்ரை பொதியையும் தொடாதேங்கோ."

கைதிகள் ஒளித்துவைக்கக் கொடுக்கும் பொதி பிடிபட்டால் வைத்திருந்தவர்மேல் புது வழக்கு, புதுத் தண்டனை. இவர் முகமறியாமலே பிள்ளை வளர்ந்துவிடுமே என்று பயந்தேன்.

ஆகவே தினமும் நாடகம். தம்பி சிசிலிக்காரன்போலத் தோளில் கைபோட்டுக் கெஞ்சுவார், வெருட்டுவார், தாய்க்குச் சுகமில்லையென்று கண்ணைத் துடைப்பார். இவர் "நோ" என்றுவிட்டு உடனே மன்னிப்புக் கேட்பார். "மன்னிப்புக் கேட்டால் நாளைக்கும் வருவான்," என்று தம்பி மறுபடி தொடங்குவார். ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார். இவர் சொல்லிவிட்டுக் காய்ச்சல்காரர் மாதிரி நடுங்கிக்கொண்டு வந்தார். சிஞ்ஞோரா சரி என்றாராம், அவ்வளவுதான்.

அந்த வாரமே கூட்டிப்போய்விட்டார்கள். நான் சிறைக்குப் பார்க்கப்போன இரண்டாவது முறை, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து இவர் குனிந்து சொன்னார்:

"இஞ்சாருமப்பா, முந்தநாள் ஒருத்தன் பொதியைக் கொண்டுவந்து நீட்டினவன். பயத்திலை இத்தாலியன் ஒண்டும் வாயிலை வரேல்லை. ஏலாது எண்டு தமிழிலையே சொல்லிப்போட்டன்."

"பிறகு?"

"அவனுக்கு விளங்கிப்போச்சு. பேசாமல் திரும்பிப் போட்டான்."

நான் வீட்டுக்குப் போகவில்லை. வயிற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நேரே பிரான்காச்சோவுக்குப் போனேன். படிக்கட்டில் வாளியோடு நின்ற தம்பியிடம் மூச்சுவாங்கச் சொல்லி முடித்தேன். துள்ளிக் குதிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வாங்கினனான், அக்கா," என்றார். "மூண்டு வருசம் கூடுதலா உள்ளுக்கை இருந்தனான். வெளியிலை வர, என்ரை மகள் என்னை மாமா எண்டு கூப்பிட்டாள். இப்பவும் அப்பிடித்தான்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என் கணவர் சொன்ன நாளிலேயே வெளியே வந்தார். அப்போது மகனுக்குப் பேச்சு வரவில்லை. இன்று அவன் வேலையால் வந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே "அப்பா" என்று கத்திக் கூப்பிடுகிறான். இவர் "ஓம், வாறன்" என்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பிக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.